கற்சிலைமடுக் கல்லும் வன்னி மக்களின் வரலாற்றுணர்வும்

தோற்றவனுக்கு வென்றவன் கல் நாட்டுவது உலக வழக்கில் அரிது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் அத்தகைய கல்லொன்றை நாட்டினர். 1803 ஒக்ரோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனை அவ்விடத்தருகே தோற்கடித்தான் என்பதே அதன் ஆங்கில வாசகத்தின் பொருள். ஏகாதிபத்தியத்தின் இவ்வெற்றிச் சின்னத்தை அயலூர் மக்கள் தம் தலைவனின் நினைவுக்கல்லாகக் கொண்டனர் என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற இந்நிலப்பரப்பின் வன்னிமைகள் பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாக அளித்தும், வாய்ப்பு நேர்ந்தபோது மறுத்தும் வந்தன. 1803இல் கண்டியரசோடு ஆங்கிலேயர் பொருதிய காலத்தில், கண்டியரின் துணையுடன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அது ஓகஸ்ட் 25ஆம் நாள் நிகழ்ந்ததென்பர். அதன் எதிரொலியே கற்சிலைமடு. ஆகவே இதனைத் தனியொரு குறுநிலத் தலைவனின் கலகமாகக் கொள்வது பொருந்தாது. 1815இல் கண்டி வீழும்வரை நீண்ட எதிர்ப்பின் ஒரு கூறாகவே கொள்ளல் வேண்டும்.

இந்நிகழ்ச்சிகளை அறிய நமக்குள்ள முதன்மையான நூல் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலாகும். அதாவது, ஆளப்பட்டோரின் வரலாற்றை ஆள்வோரின் அலுவலர் ஒருவரின் ஏட்டிலேயே தேடவேண்டியுள்ளது. இந்நிலையை மாற்ற முற்பட்டோர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களே. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகம், ஏட்டிலிருந்த பெயரை மேடைக்குக் கொணர்ந்தது. வவுனியா நகரில் சிலை எழுந்தது. தமிழகத்தில் மு. கருணாநிதி அவனைத் தம் நாவலொன்றின் தலைவனாக்கினார்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒக்ரோபர் 31ஐ அவன் இறந்த நாளாகப் பலர் கொண்டாடுவர். கல்லோ தோல்வியை மட்டுமே கூறுகின்றது, இறப்பைக் கூறவில்லை. காட்டுப் போரில் தோற்றவன் அன்றே மாண்டிருக்க வேண்டும் என்பதில்லை. வீரனுக்குக் களத்திலேயே சாவு வேண்டுமெனக் கருதும் மரபு ஆராய்ச்சிக்குத் துணையாகாது. அவனுடைய பெருமையும் அதனால் கூடுவதில்லை.

2009இல் போர் முடிவுற்றபோது முல்லைத்தீவு மக்கள் ஏறத்தாழ முற்றாகவே இடம்பெயர்ந்திருந்தனர். 2010இல் இக்கல் உடைந்து கிடந்தது. ஊர் வெறுமையாய்க் கிடக்கையில் கல்லைக் காப்பவர் எவர்? மீண்டு வந்தோர் வீடும் கிணறும் வயலும் திருத்தவேண்டியிருந்த வேளையிலும், இக்கல்லின் நினைவைக் கைவிடவில்லை.

ஆயினும் தலைவர்களின் கல்லும் சிலையும் மட்டும் மரபாகா. வற்றாப்பளைக் கண்ணகி கோயிலின் வைகாசிப் பொங்கலில் கடல்நீரால் விளக்கெரிக்கும் வழக்கம், முள்ளியவளையின் கோவலன் கூத்து, அரிவுவெட்டுப் பாடல்கள் என்பன குளங்கட்டி வயல் விளைத்த மக்களின் ஆவணங்கள். கல்லைப்போல் இவற்றை ஒரே அடியில் உடைக்க இயலாது. ஆனால் ஓர் அண்ணாவியார் மாணவரின்றி மறைந்தால், அவர் கற்ற ஆட்டமும் பாட்டும் அவரோடு போய்விடும். அவர்தம் குரல்களை ஒலிப்பதிவு செய்தல் சிலை எழுப்புவதினும் செலவு குறைந்தது, அதனினும் அவசரமானது.