பாலையில் ஒரு மணப்பந்தல்

பாலை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் எழுவது பிரிவு. ஆனால், பெற்றோர் மறுத்த காதலர் கைகோத்து உடன்போக்குச் சென்ற வழியும் அந்தப் பாலைதான் என்பதை நம் அகப்பாடல்கள் காட்டுகின்றன. காதலரை அழைக்கும் பாலையொன்று கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் உண்டு. நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரம் அது. வெள்ளி மாலை புறப்பட்டு, சனியன்று மணமுடித்து, ஞாயிறு இரவு வீடு திரும்பும் இணைகள் அங்கே ஏராளம். சூதாட்ட விடுதிகளின் ஒளி வெள்ளத்தில் மயங்கி நில்லாமல், அந்நகரின் வரலாற்றைப் புரட்டுவோம். நாம் கற்க வேண்டிய பாடம் அதிலே இருக்கிறது.

பையூட் பழங்குடியினர் நெடுங்காலம் பருகி வந்த ஊற்று நீர் அங்கே இருந்தது. இருப்புப்பாதை வந்தது. 1905 மே 15 அன்று இரயில் நிறுவனம் மனைகளை ஏலமிட்டது; ஊர் பிறந்தது. தலபுராணம் ஏதும் தேவைப்படவில்லை!

அண்டை மாநிலமான கலிபோர்னியா, மணம் புரிய விரும்புவோர் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என 1927-இல் சட்டமிட்டது. காத்திருக்க விரும்பாத காதலர் எல்லை தாண்டி நெவாடாவுக்கு விரைந்தனர். 1931-இல் நெவாடா அரசு சூதாட்டத்திற்கு உரிமம் வழங்கியது. ஆறு வாரம் தங்கியவர்க்கு மணவிலக்குப் பெற வழியும் திறந்தது. திரைப்பட நடிகர் கிளார்க் கேபிளின் மனைவி 1939-இல் லாஸ் வேகாசில் தங்கி மணவிலக்குப் பெற்ற செய்தி, ஊரின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று.

இன்று அந்நகரில் மண உரிமம் வழங்கும் அலுவலகம் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை, ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கிறது. இராகு காலம் என்று கதவடைப்பதில்லை. ஆடி மாதம் என்று ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுத்தர் கேட்பதில்லை. வயது நிறைந்ததா, விருப்பம் உண்டா என்பதே கேள்வி. அப்படி மணந்தோரைக் கோள்கள் கோபித்துக் கொண்டதாகச் செய்தி இல்லை!

ஆகா, இதுவன்றோ காதலரின் பொன்னுலகம் என்று வியந்துவிடாதீர்கள். காதலின்மீது கொண்ட காதலாலா நெவாடா கதவு திறந்தது? அன்று, பொருளியல் நெருக்கடியில் நாடு தவித்த நாள் அது, பணம் வேண்டியிருந்தது. அந்தக் கதவும் எல்லார்க்கும் திறக்கவில்லை. வெள்ளையர் கருப்பரையோ சீனரையோ பழங்குடியினரையோ மணத்தல் கூடாதென 1861-இலேயே அங்கு சட்டம் எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டிலே சாதி. அந்த நாட்டிலே நிறம். பெயர் வேறு, நஞ்சு ஒன்று.

1958 டிசம்பரில், துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், ஜப்பானிய வழிவந்த நோரிகோ சவாடாவை மணக்க அதே மாநிலத்து ரீனோ நகருக்குச் சென்றார். உரிமம் மறுக்கப்பட்டது. தலைகுனிந்து திரும்பவில்லை இருவரும். வழக்காடினர், வென்றனர், மணந்தனர். அடுத்த ஆண்டே, 1959-இல், அந்தப் பழஞ்சட்டம் நீக்கப்பட்டது.

லாஸ் வேகாஸ் விடுதிகளின் கதையோ இன்னும் கொடிது. நாட் கிங் கோல், சாமி டேவிஸ் போன்ற கருப்பினக் கலைஞரின் பாட்டுக்கு அரங்கு அதிரக் கை தட்டினர். பாட்டு முடிந்ததும், அதே விடுதியில் படுத்துறங்க அவர்க்கு இடமில்லை! நகரின் மேற்குப் புறத்துச் சேரிக்குப் போய்த் தங்க வேண்டும். குரல் தீட்டில்லை, உடல் தீட்டாம்! 1955-இல், இரு நிறத்தாரையும் ஏற்ற மூலின் ரூஷ் விடுதி திறந்தது. சில திங்களிலேயே மூடப்பட்டது. 1960 மார்ச்சில், பல் மருத்துவர் ஜேம்ஸ் மக்மில்லன் தலைமையில் கருப்பின மக்கள், விடுதிகள் நிறைந்த வீதியிலே அணிவகுப்போம் என்று நாள் குறித்தனர். அணிவகுப்பு நடக்குமுன்னே விடுதி முதலாளிகள் இறங்கி வந்தனர். மூடிக் கிடந்த அந்த மூலின் ரூஷில்தான் உடன்பாடு பிறந்தது. விடுதிக் கதவுகள் திறந்தன.

அந்நகரம் விற்பது அதிர்ஷ்டம். அங்குச் சுழலும் சக்கரத்தில் 38 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டாலர் வைத்தால் போவது 38. எந்தக் கட்டத்தில் குண்டு விழுந்தாலும் திரும்புவது 36. மிச்சம் இரண்டு, விடுதிக்கு! அதிர்ஷ்ட தேவதையின் அருளென்பது இந்தக் கணக்குத்தான். உரிமையோ சக்கரம் சுழன்று வந்ததன்று. ஒன்று திரண்டவர் வென்றது.

1967 ஜூன் 12 அன்று, நிறம் காட்டி மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினாறு மாநிலங்களில் அதுவரை அச்சட்டங்கள் உயிரோடு இருந்தன. அதே 1967-இல்தான், பேரறிஞர் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. புரோகிதர் வேண்டா, புகை வேண்டா. மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் மணமே என்றது.

சட்டம் வந்தது, சாதி செத்ததா? சாதி மறுத்து மணந்த இளைஞரை வெட்டிச் சாய்க்கும் கொடுமை இன்றும் நம் மண்ணிலே நடக்கிறதே! அன்றைய உடன்போக்குக் காதலர் அஞ்சியது ஆறலை கள்வரை. இன்றைய காதலர் அஞ்சுவது உடன்பிறந்தானின் அரிவாளை. அவர்கள் ஓடி ஒளியப் பாலை தேடும் நிலை எதற்கு? பிறந்த ஊரிலேயே, பெற்றோர் கண்ணெதிரிலேயே, அச்சமின்றி மாலை மாற்றும் நாளை ஆக்குவது நம் கடமை. அந்த நாளைக் கோள்கள் குறித்துத் தாரா, நாமே குறிப்போம்.