சாயும் செல்வம்

அரபு மொழியில் செல்வத்திற்கு 'மால்' என்று பெயர். அகராதிப் பேரறிஞர் இராகிப் அல்-இஸ்ஃபஹானி, எந்நேரமும் ஒரு பக்கம் சாய்வதும் ஓரிடத்தில் நில்லாது நீங்குவதும் அதன் இயல்பாதலின் அப்பெயர் பெற்றது என்பார். சாய்தலைக் குறிக்கும் 'மைல்' என்னும் சொல்லோடு அதனை அவர் இணைத்துக் காண்கிறார். சொல்லாராய்ச்சியாளர் எல்லாரும் இதனை ஏற்பார்களோ மாட்டார்களோ, அரசியல் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் மறுக்க மாட்டார்கள். செல்வம் சாயும் தன்மையது. அது ஆட்சிப் பீடத்தின் பக்கம் சாயும்பொழுது, செல்வமற்றவனின் வாக்குக்கு எஞ்சும் மதிப்பு யாது? நம் நாட்டு நீதிமன்றங்கள் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு 67 ஆண்டுகள் நீண்டது.

1957ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க இடந்தரும் வகையில் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள விரும்பியது. பங்குதாரர் ஒருவர் அதனை எதிர்த்தார். வழக்கு, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதியரசர் எம்.சி. சாக்ளாவின் முன் வந்தது. முகம்மது அலி கரீம் சாக்ளா என்னும் இப்பெருமகனார், பின்னாளில் நம் நாட்டின் கல்வி அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கியவர். இத்தகைய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை. ஆகவே கம்பெனியின் விருப்பத்திற்கு அவர் இசைவளிக்க நேர்ந்தது. ஆயினும், இந்த அபாயம் விரைந்து வளரும், நாளடைவில் மக்களாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். சட்டத்தின்படி இசைந்தவர், மனச்சான்றின்படி பாராளுமன்றத்தின் கதவைத் தட்டினார்.

கதவு ஓரளவு திறந்தது. 1960இல் கம்பெனிகளின் நன்கொடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்றும் சட்டம் வகுக்கப்பட்டது. 1969இல் இந்திரா காந்தி அம்மையாரின் அரசு இந்நன்கொடையை அறவே தடை செய்தது. வெளிச்சத்தில் கொடுக்க வழியில்லாமற் போகவே, கணக்கில் வராத பணம் இருட்டில் கைமாறலாயிற்று. 1985இல் தடை நீங்கி, வரம்பு மீண்டது.

இதற்கிடையே, ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் ஒரே சிக்கலை ஆராய்ந்து, எதிரெதிரான விடைகளைக் கண்டன. 1974 அக்டோபரில் டில்லியில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வேட்பாளருக்காக அவர் அறியக் கட்சி செய்யும் செலவும் அவருடைய செலவு வரம்புக்குள் அடங்கும் என்றது. எத்துணைச் சிறிய கட்சியாயினும், எத்துணைப் பெரிய செல்வரோடும் சமநிலையில் நின்று போட்டியிட வேண்டும் என்பதே வரம்பின் நோக்கம் என நீதியரசர் பகவதி விளக்கினார். ஆனால் அம்மாதமே ஓர் அவசரச் சட்டம் பிறந்து, கட்சியின் செலவை வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. நீதிமன்றம் அடைத்த வாயிலை ஆட்சியாளர் திறந்துவிட்டனர்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. வாட்டர்கேட் ஊழலால் நாணமுற்ற அந்நாட்டுக் காங்கிரஸ் 1974இல் தேர்தல் செலவுக்குக் கடும் வரம்புகளை விதித்தது. 1976 ஜனவரியில் 'பக்லி எதிர் வாலியோ' வழக்கில் உச்ச நீதிமன்றம், நன்கொடைக்கு வரம்பு கட்டலாம், செலவுக்குக் கட்டலாகாது என்று தீர்த்தது. செலவைக் குறைப்பது பேச்சைக் குறைப்பதாகும். சிலருடைய குரலை உயர்த்துவதற்காக வேறு சிலருடைய குரலைத் தாழ்த்துவது, பேச்சுரிமையைக் காக்கும் முதலாம் திருத்தத்திற்கு அயலானது என்பது அதன் வாதம். 2010இல் கம்பெனிகளும் இவ்வுரிமையைப் பெற்றன. நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்ற தீர்ப்பு அது.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடல் நேர்மையாகாது. அந்நாட்டின் குடியுரிமைக் காவலர்களிலும் பலர் இதனை ஆதரித்தனர். தாளும் மையும் தபால் தலையும் இன்றி இந்த இதழ்கூட உங்கள் இல்லம் வந்து சேராது. செலவை முற்றாகத் தடுக்கும் அரசு, நாளை ஏழையின் துண்டுப் பிரசுரத்தையும் தடுக்கக்கூடும். ஆயினும் அவ்வாதம் பேசுவோனை மட்டுமே கண்டது, கேட்போனை மறந்தது. பேச்சுரிமை வாய்க்கு மட்டும் உரியதன்று, செவிக்கும் உரியது. பேசுவது யாருடைய பணம் என்று அறியாதவன், கேட்டும் கேளாதவனே.

இவ்வுண்மையை நம் நாடு காலந்தாழ்த்தியே உணர்ந்தது. 2017இல் கம்பெனி நன்கொடைக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் உடன் நீங்கியது. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம், 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுத்தவர் பெயரை மக்கள் அறியாவண்ணம் கட்சிகளுக்கு வழங்க வழி செய்தது. 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை இவ்வாறு கைமாறியது. மத்தியில் ஆண்ட கட்சி மிகப் பெரும் பங்கைப் பெற்றது. மாநிலங்களில் ஆண்ட கட்சிகளும், நம் தமிழகத்தில் அன்று ஆண்ட கட்சி உட்பட, பல நூறு கோடிகளைப் பெற்றன.

2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமித்து அத்திட்டத்தைச் செல்லாதென அறிவித்தனர். அதற்கு அவர்கள் கொண்ட அடிப்படை, அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழங்கும் பேச்சுரிமையே! வாக்காளன் அறிந்து வாக்களிக்கும் உரிமை அதனுள் அடங்கும் என்றனர். பொருளாதார ஏற்றத்தாழ்வு அரசியல் பங்கேற்பிலும் ஏற்றத்தாழ்வை விளைவிக்கும் என்பதையும் எடுத்துரைத்தனர். அமெரிக்காவில் செல்வரின் பணப்பெட்டியைத் திறந்த அதே உரிமை, இங்கு மூடிய கணக்கேட்டைத் திறந்தது. 1957இல் சாக்ளா தட்டிய கதவு அன்றுதான் நன்கு திறந்தது எனலாம்.

ஆனால் அத்தோடு பணி முடிந்துவிடவில்லை. ஒரு மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு, பெரிய மாநிலங்களில் 2022இல் 95 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவருடைய கட்சி செய்யும் செலவுக்கு 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலும் வரம்பில்லை. 

நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் ஜமாஅத்தின் முன் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. பத்து ரூபாய் கொடுத்தவரும், பத்தாயிரம் கொடுத்தவரும் பக்கத்தில் அமர்ந்து அதனைக் கேட்கிறார்கள். ஐயம் தோன்றினால், பத்து ரூபாய் கொடுத்தவரும் எழுந்து கேட்கலாம். ஓர் ஊரின் பொதுப் பணத்திற்கு நாம் கொண்டுள்ள இவ்வொழுங்கை, ஒரு நாட்டை ஆள முனைவோரிடமும் எதிர்பார்ப்பது பிழையாகாது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் அளிக்கின்றன. ஆணையம் அதனை வெளியிடுகிறது. படித்த நம் இளைஞர்கள் வாக்குச் சாவடிக்குச் செல்லுமுன் அதனை ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும். வாசித்ததைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லட்டும். அறியும் உரிமையை நீதிமன்றம் பெற்றுத் தந்தது. அறிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தாம்.