ஒரே மூன்று மதிப்பெண்: தாம்பரம் பகுதியில் டச்சு அட்டவணையை வாசித்தல்

குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ராலை இந்தியாவில் கண்டறிவது பற்றிய ஆய்வுகளில் ஒரு வலுவான மரபு மாரடைப்பு வார்டிலிருந்து தொடங்குகிறது. இளவயதில் மாரடைப்பு வந்து சேர்ந்தவர்களுக்கு டச்சு லிப்பிட் கிளினிக் மதிப்பெண் அட்டவணையை நிரப்புகிறார்கள்; ஆறும் அதற்கு மேலும் பெற்றவர்களை எண்ணி நோயின் பரவலைச் சொல்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, ஊரப்பாக்கம் எனத் தென்சென்னைப் புறநகரில் இந்த வழி இரண்டு திசையிலும் தவறும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அட்டவணையைக் குறை சொல்வது நோக்கமல்ல. அதன் கூட்டுத்தொகையை இங்கே எப்படி வாசிப்பது என்பதே கேள்வி.

மருந்து தொடங்கும் முன் எடுத்த எல்டிஎல் அளவு 155 முதல் 189 வரை இருந்தால் 1 மதிப்பெண்; 190 முதல் 249 வரை 3; 250 முதல் 329 வரை 5; அதற்கு மேல் 8. ஆண் 55 வயதுக்குள், பெண் 60 வயதுக்குள் இதயத்தமனி நோய் கண்டிருந்தால் 2. முதல்நிலை உறவினருக்கு அப்படி வந்திருந்தால் 1. தசைநாண்களில் கொழுப்புக் கட்டி இருந்தால் 6. மொத்தம் 3 வந்தால் 'இருக்கலாம்', 6 வந்தால் 'பெரும்பாலும் இருக்கும்', 8ஐத் தாண்டினால் 'உறுதி'.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். சேலையூரில் 52 வயதுக்காரர் ஒருவர் மாரடைப்புடன் வருகிறார், அவருடைய அப்பாவுக்கும் ஐம்பதில் வந்திருக்கிறது, எல்டிஎல் 120. இரண்டும் ஒன்றும் மூன்று. மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் வேலை பார்க்கும் 28 வயதுப் பெண்ணுக்கு மாஸ்டர் செக்கப்பில் எல்டிஎல் 240. அப்பா சிறுவயதிலேயே போய்விட்டார், காரணம் யாருக்கும் தெரியாது. அவருக்கும் மூன்றுதான். அட்டவணையில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மரபணுக் கோளாறை நாடுவதற்கான காரணம் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது.

குடும்ப வரலாற்றுக்கு டச்சு மக்களிடையே இருக்கும் எடை இங்கே இல்லை. முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசிய நாடுகளில் 53, பிற நாடுகளில் 58.8 என்று இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. சர்க்கரை நோய், புகை, வயிற்றுப் பருமன் எல்லாம் சேர்ந்து மாரடைப்பை முன்கூட்டியே அழைத்துவரும் ஊரில், அப்பாவின் மாரடைப்பு ஒற்றை மரபணுவுக்குச் சாட்சி சொல்வது மிகக் குறைவு.

இன்னொரு பக்கம், எல்டிஎல் குறைந்தே பதிவாகிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்கப்படும் மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டாட்டினும் உண்டு. உயிர்காக்கும் ஏற்பாடு அது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் மாரடைப்புக்கு ஒரு நாளுக்குப் பிறகு எல்டிஎல் தானாகவே சரியத் தொடங்கும், மருந்தும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு வார்டில் எடுக்கும் இரத்தம் நோயாளியின் வழக்கமான அளவைச் சொல்லாது. திருத்தக் காரணியால் பெருக்கிச் சரிசெய்யலாம் என்பார்கள். அந்தக் காரணிகள் வாரக்கணக்கில் ஒரே அளவு மருந்து எடுத்தவர்களுக்கானவை.

லேப் ரிப்போர்ட்டிலும் ஒரு சிக்கல். பல லேப்களில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை; 1972இல் ஃப்ரீட்வால்ட் தந்த சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெறப்படுகிறது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின் 2014ஆம் ஆண்டு முடிவில் 29.5 விழுக்காட்டினருக்கு ட்ரைகிளிசரைடு மிகை, 11.8 விழுக்காட்டினருக்கே எல்டிஎல் மிகை. மொத்தம் 290, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 350 என்றால் சூத்திரம் தருவது 185, அதாவது ஒரே ஒரு மதிப்பெண். நேரடி அளவீட்டில் இவர் 190ஐத் தாண்டக்கூடும்.

மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். தீர்க்காது. நோய்க்குறிகள் தெளிவாக உள்ளவர்களிலும் கணிசமானோருக்கு மாற்றம் எதுவும் சிக்குவதில்லை. சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

இங்கே எல்டிஎல் சராசரியே குறைவென்பதால் 190 என்ற வரம்பைத் தாழ்த்த வேண்டும் என்ற யோசனை மதிக்கத்தக்கது. எனினும், வரம்பு இறங்கினால் பல மரபணுக்களின் சிறு சிறு விளைவால் கொழுப்பு ஏறியவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். வயதுவாரியான உள்ளூர் அளவுகள் கைக்கு வரும்வரை 190 இருக்கட்டும். அந்த எண்ணைக் கூட்டுத்தொகையில் கரைக்காமல் தனியே பார்த்தாலே பெரும் மாற்றம் வரும்.

அட்டவணையில் இடமே இல்லாத ஒன்று சொந்தத்தில் திருமணம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. 250 பேரில் ஒருவருக்கு இந்நோயின் பழுதான மரபணு ஒற்றைப் பிரதியாக இருப்பதாகக் கொண்டால், உறவில்லாத தம்பதியின் குழந்தைக்கு இரட்டைப் பிரதி வரும் வாய்ப்பு இரண்டரை லட்சத்தில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ 7,800இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் 4,000இல் ஒன்று. இது கணிதம் மட்டுமே, கள எண்ணிக்கை அல்ல. ஆயினும் உறவுத் திருமணம் மிகுந்த லெபனானில் மருத்துவர் கச்சதூரியன் 1964இல் இந்நோயின் மரபுவழியைத் தெளிவாக்க முடிந்தது, இரட்டைப் பிரதி கொண்ட குழந்தைகள் அங்கே போதுமான அளவில் கிடைத்ததால்தான்.

அப்படிப்பட்ட குழந்தையின் முழங்கை, முழங்கால், விரல் மூட்டுகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் எழும். பெற்றோர் முதலில் போவது தோல் டாக்டரிடம். அங்கே கட்டியை அகற்றுவதோடு நிறுத்தாமல் ஒரு லிப்பிட் சோதனை எழுதினால் குடும்பமே வெளிச்சத்துக்கு வரும்: அப்பா, அம்மா இருவரும் ஒற்றைப் பிரதி கொண்டவர்கள் என்பது அநேகமாக உறுதி, உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு பிரதி இருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. அம்மாவின் தாய்மாமனே அப்பாவாகவும் இருக்கும் வீட்டில் ஒரே பாட்டியின் வழியைத் தேடினால் இரு பக்கமும் கிடைத்துவிடும்.

ஸ்லோவேனியாவில் 1995 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ரால் அளக்கிறார்கள். தாம்பரம் பகுதியில் உடனே அதைச் செய்ய முடியாமல் போகலாம். அரசுப் பள்ளிகளுக்குச் செல்லும் மருத்துவக் குழு கண்ணையும் பல்லையும் பார்க்கும்போது விரல் மூட்டையும் குதிகால் நாணையும் பார்க்கலாம். லேப்கள் 190க்கு மேற்பட்ட எல்டிஎல் ரிப்போர்ட்டில் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லி ஒரு வரி அச்சிடலாம். வார்டில் தொடங்கும் ஆய்வுகளோ, மெப்ஸில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு மாரடைப்பு வந்த பிறகுதான் அவரைச் சந்திக்கும்.