தந்தையின் கடனும் தர்மத்தின் எல்லையும்

கடன் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். நீத்தார் கடன், காலைக்கடன் என்னும் வழக்குகளில் இரண்டாம் பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோருக்கு உரியவையாக வரிசைப்படுத்தும் கடன்கள் யாவும் கடமைகளே. வடமொழியின் ‘ருணம்’ என்னும் சொல்லுக்கும் இத்தகைய இரட்டைச் சுமை உண்டு. ரிக் வேதத்தில் அது பணக்கடனையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். இந்தியில் ‘ஃபர்ஜ்’, ‘கர்ஜ்’ என இரு வேறு அரபுச் சொற்கள் கடமைக்கும் கடனுக்கும் இருக்கின்றன. ஆயினும் தாய்ப்பாலுக்கு மக்கள் பட்டிருப்பதை அம்மொழியினர் ‘கர்ஜ்’ என்றே சொல்கின்றனர்.

இது சொற்பொருள் ஆராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தி அன்று. முதல் உதவித்தொகையோ முதல் ஊதியமோ கைக்கு வரும் நாளில் நம் குடும்பங்களில் இளைஞர் பலர் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: அப்பா பட்ட கடனை அடைப்பது பிள்ளையின் தர்மம். சொல்பவர் பெரியப்பாவாக இருக்கலாம். கடன் கொடுத்தவராகவே இருக்கலாம். தர்மம் என்னும் சொல் வந்து விழுந்ததும், எதற்காக வாங்கிய கடன், யார் கையெழுத்திட்டார், வட்டி எவ்வளவு என்னும் கேள்விகள் மரியாதைக் குறைவாகிவிடுகின்றன. ஆனால் அந்தத் தர்மத்தை வகுத்த நூல்கள் இக்கேள்விகளை வெளிப்படையாகவே எழுப்பின. கடமையைச் சொன்ன இடத்திலேயே அதன் எல்லையையும் சொல்லி வைத்தன. கடமை மட்டும் நினைவில் தங்கி எல்லை மறைந்துபோனதன் வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுப்பதே இப்பதிவின் நோக்கம்.

மிகப் பழைய சான்றுகளிலிருந்து தொடங்கலாம். ரிக் வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில் வருணனை நோக்கிய துதி ஒன்று (2.28), தன் ருணங்களை அகற்றுமாறு வேண்டுவதோடு, பிறர் செய்ததன் பயன் தன்மேல் விழ வேண்டாம் என்றும் வேண்டுகிறது. பத்தாம் மண்டலத்தின் சூதாடி பற்றிய பாடலில் (10.34) கடனில் மூழ்கியவன் அச்சத்தோடு இரவில் பிறர் வீடுகளை நாடுகிறான், பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவனைத் தெரியாதவன் என்று கைவிடுகின்றனர். சூதுக்கடனுக்குக் குடும்பம் பொறுப்பன்று என்னும் எண்ணம், சட்டநூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது என்பதற்கு இது சான்று. அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்திலோ இவ்வுலகிலும் மறுவுலகிலும் கடனற்றவராக இருக்க வேண்டும் என்னும் வேண்டுதல்கள் உள்ளன.

இந்த அச்சத்தை ஒரு கோட்பாடாக்கியது தைத்திரீய சம்ஹிதை (6.3.10). பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது அது: முனிவர்க்குக் கல்வியாலும், தேவர்க்கு வேள்வியாலும், முன்னோர்க்கு மகப்பேற்றாலும் அடைக்க வேண்டியவை. வாங்காமலேயே பட்ட கடன்கள் இவை. பிராமணியத்தின் இந்தக் ‘கடன் இறையியலை’ விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்ல் மாலமூ, மனிதப் பிறப்பையே கடன்பட்ட நிலையாக வரையறுக்கும் சிந்தனை இது எனக் காட்டினார். மகன் பிறப்பதே தந்தையின் கடனை அடைப்பதற்கு என்றால், தந்தை விட்டுச்சென்ற பணக்கடனும் அவன் தலையில் ஏறுவது இயல்பான அடுத்த படியாயிற்று.

தர்மசாஸ்திரங்கள் இப்படியை ஏறின. மனுவும் நாரதரும் வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாகப் பகுத்தபோது, கடன் மீட்பைப் பற்றிய ‘ருணாதானம்’ முதலிடம் பெற்றது. கடனோடு இறக்கும் துறவியின் தவப்பயனும், அக்னிஹோத்ரம் செய்பவனின் வேள்விப்பயனும் கடன் கொடுத்தவரையே சேரும் என்பது நாரத ஸ்மிருதி. தந்தை மறுமையில் துன்புறாதிருக்க மகன் கடனை அடைக்க வேண்டும் என்பதே இந்நூல்கள் தரும் நியாயம். ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் ‘பயஸ் ஆப்ளிகேஷன்’ என்று பெயரிட்ட கோட்பாடு இதுதான். தமிழில் அதை அறக்கடப்பாடு எனலாம்.

இனி எல்லைகளைக் காண்போம். அவை நான்கு வகை.

முதலாவது, தலைமுறை எல்லை. பிருகஸ்பதி ஸ்மிருதியின்படி தந்தையின் கடனை மகன் தன் கடன்போல் வட்டியோடு அடைக்க வேண்டும். பாட்டனின் கடனில் பேரன் அசலை மட்டும் தந்தால் போதும். கொள்ளுப்பேரன் தர வேண்டியதில்லை.

இரண்டாவது, காரணத்தின் எல்லை. சூது, குடி ஆகியவற்றால் பட்ட கடன், வீணாகக் கொடுப்பதாகச் சொன்ன கொடை, தண்டத்திலும் சுங்கத்திலும் நின்றுபோன பாக்கி ஆகியவற்றை மகன் தரவேண்டியதில்லை என்று மனு விலக்குகிறார். யாக்ஞவல்கியர் காமத்துக்காகப் பட்ட கடனையும் இப்பட்டியலில் சேர்க்கிறார். பிறருக்காக ஏற்ற பிணையையும் மனு விலக்குகிறார். ஆனால் பணத்துக்கே பொறுப்பேற்ற பிணையானால் அது வாரிசுகளைக் கட்டும் என்று அடுத்த சுலோகத்திலேயே வரையறுக்கிறார்.

மூன்றாவது, உறவின் எல்லை. கணவனும் மகனும் பட்ட கடனை மனைவியோ தாயோ தரவேண்டியதில்லை. மகன் பட்டதைத் தந்தையும், மனைவி பட்டதைக் கணவனும் தரவேண்டியதில்லை என்பது யாக்ஞவல்கியர் விதி. கடன் குடும்பத்துக்காகப் பட்டதாக இருந்தால் மட்டும் இவ்விதிக்கு விலக்கு உண்டு. இடையர், கள் விற்போர், கூத்தர், வண்ணார், வேட்டுவர் ஆகியோரின் மனைவியர் பட்ட கடனைக் கணவர் தரவேண்டும் என்றும் அவர் சேர்க்கிறார். அக்குடும்பங்களின் பிழைப்பு அப்பெண்களைச் சார்ந்தது என்பதே அவர் கூறும் காரணம். ஆகக் கடனைப் பட்டவர் யார் என்பதோடு, அந்தப் பணம் எங்கே சென்றது என்பதும் இங்கே உரைகல்லாகிறது.

நான்காவது, வட்டியின் எல்லை. ஒரே தவணையில் பெறும் வட்டி அசலை மீறலாகாது என்பது மனுவின் விதி. ‘தாம்துபட்’ என்னும் பெயரில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்விதி செல்லுபடியாயிற்று.

இந்த எல்லைகளைப் போற்றும்போது அவை யாருக்குப் பயன்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே மனுநூல் மாதவட்டியை வருணப்படி நூற்றுக்கு 2, 3, 4, 5 என ஏற்றுகிறது. சம வருணத்தாரும் தாழ்ந்த வருணத்தாரும் கடனை உழைத்துக் கழிக்கலாம் என்கிறது, உயர்ந்தவர்க்கோ மெல்ல மெல்லத் தரும் சலுகை அளிக்கிறது. நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களில் கடன் தலைமுறை எல்லையின்றி இறங்கியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமை முறையை வரையறுக்கும்போது வாரிசுரிமையாக இறங்கும் கடப்பாட்டையும் தனியே குறிப்பிட வேண்டியிருந்தது இதனால்தான். கொள்ளுப்பேரனுக்குக் கடன் இல்லை என்ற பிருகஸ்பதியின் விதி அக்குடிசைகளை எட்டவில்லை.

இஸ்லாமிய மரபு எல்லையை வேறோரிடத்தில் வரைந்தது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பங்குகளைப் பிரிக்குமுன் இறந்தவரின் கடனை அடைக்கச் சொல்கிறது. கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்படுகிறது. வாரிசின் சொந்தப் பணத்தைச் சட்டம் தொடுவதில்லை. அதற்கு மேல் ஒரு பிள்ளை தருவானானால் அது அவன் விரும்பிச் செய்யும் நற்செயல்.

இந்துச் சட்டம் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தபோது நிலைமை இரு திசைகளில் மாறியது. பம்பாய் மாகாணத்தில், தந்தையிடமிருந்து ஒன்றும் பெறாத மகனும் அவர் கடனுக்குப் பொறுப்பாளி எனக் கருதப்பட்டான். 1866ஆம் ஆண்டின் பம்பாய் இந்து வாரிசுகள் நிவாரணச் சட்டம் அதைப் பெற்ற சொத்தின் அளவுக்குச் சுருக்கியது. மகனுக்கு இது நன்மை. மறுபுறம், காரணத்தின் எல்லை தேயத் தொடங்கியது. 1856இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில், மகனின் விடுதலை கடனின் தன்மையைப் பொறுத்ததே அன்றிச் சொத்தின் தன்மையைப் பொறுத்ததன்று என்றது. 1874இல் கிரிதாரி லால் வழக்கில் பூர்வீகச் சொத்தையும் தந்தையின் கடனுக்கு உட்படுத்தியது. 1879இல் சூரஜ் பன்சி கோயர் வழக்கில், ஏலத்தில் போன சொத்தை மீட்க விரும்பும் மகன்கள், கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்காகப் பட்டது என்பதையும் வாங்கியவர் அதை அறிந்திருந்தார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தந்தை குடிகாரர் என்று பொதுவாகக் காட்டினால் போதாது. குறிப்பிட்ட அந்தக் கடன் அந்தக் குடிக்குத்தான் போனது என்று காட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கைமாறிய பணத்தின் தடத்தை ஒரு மகன் எங்கே தேடுவான்? நூலில் விலக்காக இருந்தது வழக்கில் மெய்ப்பிக்கும் சுமையாக மாறிற்று. 1924இல் பிரிஜ் நாராயண் வழக்கு, தந்தை உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் இதில் வேறுபாடில்லை என்று முடிவுகட்டியது.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சொல்லும் இந்த வரலாற்றில் உண்டு. மகன் அடைக்க வேண்டாத கடனைக் குறிக்க நூல்கள் ஆளும் சொற்களில் ஒன்று ‘அவ்யாவஹாரிகம்’. வியவஹாரம் என்றால் கொடுக்கல் வாங்கல், நடைமுறை, வழக்கு எனப் பல பொருள். ஆகவே அச்சொல்லை முறையான நடைமுறைக்கு உட்படாதது எனப் பரந்த நிலையில் கொள்ள இடமுண்டு. கோல்புரூக் அதை நல்லொழுக்கத்துக்கு மாறான காரணத்தால் பட்ட கடன் என்று ஆங்கிலப்படுத்தினார். உயர்நீதிமன்றங்கள் பலவாறு பொருள் கொண்டபின், 1943இல் ஹேம்ராஜ் வழக்கில் பிரிவி கவுன்சில் கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பே மூலத்துக்கு மிக நெருக்கமானது என்றது. ஒரு குடும்பத்தின் நிலம் தங்குவதும் போவதும் ஓர் எதிர்மறை முன்னொட்டுக்குத் தரும் பொருளைச் சார்ந்திருந்த காலம் அது.

இந்தக் கோட்பாட்டை நாடாளுமன்றம் 2005இல் முடித்து வைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தின் 6(4) பிரிவு, அதன்பின் பட்ட கடனுக்காக, அறக்கடப்பாடு என்னும் ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையும் மகனுக்கு இணையான பொறுப்பும் தந்த அதே திருத்தம்தான் இது. மகளுரிமை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவை நம் மாணவர் பலர் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் எதை விட்டுவைத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவரின் சொத்து கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்கு வாரிசு பொறுப்பாளியே. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தந்தையின் கடனுக்கு நாமே பிணைக் கையெழுத்திட்டிருந்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி கடனாளிக்கு உள்ள அதே அளவு பொறுப்பு பொதுவாக நமக்கும் உண்டு. அங்கே நம்மைக் கட்டுவது தர்மம் அன்று, கையெழுத்து. ‘பேருக்கு ஒரு கையெழுத்து’ என்று உறவினர் நீட்டும் தாள்தான் இன்று ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையைப் பல ஆண்டுகளுக்கு அடகு வைக்கிறது. மறுக்க வேண்டிய இடம் வசூலுக்கு ஆள் வரும் நாளன்று; அந்தத் தாள் நீட்டப்படும் நாள்.

சட்டம் மாறியும் வீட்டுக்குள் பழைய வாக்கியம் மாறவில்லை. அதற்கு விடையாகச் சட்டப் பிரிவை நீட்டினால், நம்பிக்கையுள்ள குடும்பத்தில் அது உறவை முறிப்பதாகவே கேட்கும். இறைநம்பிக்கையும் முன்னோர்மீது பற்றும் உள்ள ஒருவர் அந்த நம்பிக்கைக்குள் நின்றே பேச முடியும் என்பதைத்தான் இந்நூல்கள் காட்டுகின்றன. அம்மாவின் மருத்துவத்துக்கும் தங்கையின் படிப்புக்கும் பட்ட கடன் குடும்பக் கடன். அதை இயன்ற அளவு சேர்ந்து சுமப்பது நியாயம். சீட்டாட்டத்தில் போனதும், நண்பரிடம் பெருமைக்காகச் சொன்ன வாக்கினால் வந்ததும், அசலை விழுங்கி வளர்ந்த வட்டியும் வேறு. ‘இது எதற்காக வாங்கியது?’ என்று கேட்கும் பிள்ளை தர்மத்தை மீறவில்லை. மனுவும் யாக்ஞவல்கியரும் கேட்டதையே கேட்கிறார். அவர்களை ஏற்காதவர்களுக்கும் அக்கேள்வி உரியதே.

தமிழ் கடனையும் கடமையையும் ஒரே சொல்லில் வைத்தது. தெலுங்கு ‘அப்பு’, கன்னட ‘சால’ ஆகிய சொற்களுக்கு அந்தக் கடமைப் பொருள் இல்லை என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அம்மொழிக் குடும்பங்களில் பிள்ளையின் பொறுப்பை எந்தச் சொல்லால் உணர்த்துகிறார்கள், எந்தச் சொல்லால் மறுக்கிறார்கள் என்பதை அம்மொழி ஆய்வாளர்கள் எழுதினால் இந்த வரலாறு இன்னும் தெளிவுபெறும்.