நன்றாகத் தூங்கினீர்களா? – ஒரு கேள்வியின் வரலாறு

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு வழக்கு நடக்கும். "ராத்திரி பூரா கண்ணே மூடல" என்பார் பாட்டி. "நீ விட்ட குறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு" என்பார் தாத்தா. சாட்சிகள் இரண்டு பேர், தீர்ப்பு சொல்ல ஆளில்லை!

போன மாதம் பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 'கடந்த ஒரு மாதத்தில் இரவில் சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?' என்று ஒரு கேள்வி. "ரெண்டுன்னு போடுடா" என்றார் பாட்டி. "ஏழுன்னு எழுது" என்றார் தாத்தா. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். தூங்குகிறவரிடமே தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் சரியான பதில் கிடைக்குமா? இந்தக் கேள்வியை மனிதர்கள் எப்போதிலிருந்து கேட்கிறார்கள்? அப்படித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்தவருக்குத் தனக்குக் காய்ச்சல் என்று தெரியும். தூங்குகிறவருக்கோ தான் தூங்குவது தெரியாது. நினைவில் நிற்பதெல்லாம் விழித்திருந்த நேரம் மட்டும்தான். அதனால்தான் 1860களிலேயே ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கோல்ஷூட்டர் என்பவர், தூங்குகிறவரைக் கேட்காமல், அவர் அருகில் விதவிதமான வலிமையில் ஒலி எழுப்பி, எந்த ஒலிக்கு எழுகிறார் என்று பார்த்துத் தூக்கத்தின் ஆழத்தை அளந்தார். தூங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் ஆழம் அதிகம் என்று கண்டார். ஆனால் எழுப்பி அளந்தால் தூக்கம் கெட்டுவிடுமே!

அதற்கு வழி பிறந்தது 1929ல். ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர், மனித மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்ததை வெளியிட்டார். இதுதான் ஈ.ஈ.ஜி. 1937ல் அமெரிக்காவில் லூமிஸும் அவரது கூட்டாளிகளும் இந்த அலைகளை வைத்துத் தூக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் வேகமாக அசையும் 'ரெம்' தூக்கத்தைப் பற்றி எழுதினார்கள். 1968ல் தூக்கத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் ஒரு விதிநூலே தொகுத்தார்கள். தீர்ப்பு சொல்ல ஆள் கிடைத்துவிட்டார், அவர் ஒரு இயந்திரம்!

உடனே நோயாளிகளின் வாக்குமூலத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். 1976ல் ஸ்டான்ஃபோர்டில் மேரி கார்ஸ்கடனும் வில்லியம் டிமென்ட்டும் சக ஆய்வாளர்களும், நாள்பட்ட தூக்கமின்மை என்று சொல்லி வந்த, மாத்திரை சாப்பிடாத 122 பேரை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தாங்கள் தூங்கிய நேரத்தைக் குறைத்தும், தூக்கம் வர ஆன நேரத்தைக் கூட்டியும் சொன்னார்கள். எங்கள் பாட்டி மாதிரி ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் போல!

இங்கேதான் விபரீதம். இயந்திரம் தூக்கம் என்று சொல்ல, விழித்தே கிடந்தேன் என்று சொன்னவர்களுக்கு 'போலித் தூக்கமின்மை' என்றொரு பெயர் விழுந்தது. 1990ல் அது 'தூக்க நிலையைத் தவறாக உணர்தல்' ஆனது, 2005ல் 'முரண்பாட்டுத் தூக்கமின்மை' ஆனது. பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: இயந்திரம் சரி, நீ தப்பு.

ஆனால் 2002ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கிரிஸ்டலும் சக ஆய்வாளர்களும் அதே ஈ.ஈ.ஜி பதிவுகளை இன்னும் நுணுக்கமாக அலசினார்கள். விதிநூல்படி 'தூக்கம்' என்று எழுதப்பட்ட நேரத்திலும் இவர்களுடைய மூளையில் மெதுவான அலைகள் குறைவாகவும், விழிப்போடு தொடர்புள்ள வேகமான அலைகள் அதிகமாகவும் இருந்தன. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விதிநூலின் சல்லடையில் ஓட்டை பெரிது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், இயந்திரத்தை எல்லோர் தலையிலும் மாட்ட முடியாது என்பதால் கேள்விப் படிவங்களும் வளர்ந்தன. மிகவும் பிரபலமானது 1989ல் டேனியல் பைஸியும் குழுவினரும் வெளியிட்ட பிட்ஸ்பர்க் படிவம். 19 கேள்விகள், 7 பிரிவுகள், மொத்தம் 21 புள்ளிகள், 5க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை. முதல் ஆய்வில், தூக்கம் கெட்டவர்களில் 100க்குச் சுமார் 90 பேரை அது சரியாக அடையாளம் காட்டியது. அதில் 'தூக்கத் திறன்' என்று ஒரு சதவீதம் வரும். பார்க்க விஞ்ஞானமாக இருக்கும். ஆனால் நாம் ஊகித்துச் சொன்ன தூங்கிய நேரத்தை, நாம் ஊகித்துச் சொன்ன படுக்கை நேரத்தால் வகுத்தால் வருவதுதான் அது!

1991ல் மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் வேறு வழியில் போனார். எத்தனை மணி என்று அவர் கேட்கவே இல்லை. டிவி பார்க்கும்போது கண் அயர்வீர்களா, ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து போனால் அயர்வீர்களா என்று 8 சூழல்களைக் கொடுத்து 0 முதல் 3 வரை மதிப்பிடச் சொன்னார். இதுதான் எப்வொர்த் அளவுகோல். விழித்திருக்கும்போது நடப்பதைத்தானே நம்மால் சொல்ல முடியும்!

மணிக்கணக்கைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008ல் வந்த ஒரு ஆய்வு நல்ல உதாரணம். சிகாகோவில் 669 பேரின் மணிக்கட்டில், அசைவைப் பதிவு செய்யும் ஆக்டிகிராஃப் என்ற கருவியைக் கட்டினார்கள். கருவி காட்டிய சராசரி 6 மணி நேரம். அவர்கள் வாயால் சொன்னது 6.8 மணி நேரம். 5 மணி நேரமே தூங்குகிறவர்கள் 1.2 மணி நேரம் கூட்டிச் சொல்கிறார்கள், 7 மணி நேரம் தூங்குகிறவர்கள் 0.4 மணி நேரம்தான் கூட்டுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். குறைவாகத் தூங்குகிறவரின் குறைதான் அதிகமாக மறைகிறது, கவனித்தீர்களா? ஏழு மணி நேரம் தூங்குகிறவர்களிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவு என்று 2002ல் வந்த புகழ்பெற்ற ஆய்வு கூட, 1982ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் படிவத்தில் எழுதித் தந்த பதில்களை வைத்துத்தான்.

படுத்ததையும் எழுந்ததையும் மட்டும் கேட்டால் இன்னும் மோசம். 2021ல் வெளியான ஒரு ஆய்வில், சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு இதே மாதிரி கருவி கட்டிப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். நம்ம ஊர்ப் புழுக்கத்தையும் கொசுவையும் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அப்படியானால் கேள்விப் படிவமே வீணா? இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது. கடிகாரமாக அது மோசம், சாட்சியாக நல்லது. எத்தனை மணி நேரம் என்பதற்கு அதை முழுசாக நம்பக் கூடாது. தூக்கமில்லாமல் எவ்வளவு அவதிப்படுகிறீர்கள் என்பதற்கு வேறு எந்த இயந்திரமும் பதில் சொல்லாது. இன்றும் தூக்கமின்மையை மருத்துவர்கள் முக்கியமாக நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

குறட்டை மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. பிட்ஸ்பர்க் படிவத்தில் அவருக்கென்றே தனியாக 5 கேள்விகள் உண்டு. ஆனால் அந்தப் பதில்களுக்குப் புள்ளி கிடையாது!

கடைசியில் நான் படிவத்தில் '2' என்றே எழுதினேன். ஓரத்தில் 'குறட்டை அதிகம், தாத்தா சொன்னது' என்றும் எழுதி வைத்தேன். மருத்துவர் முதலில் படித்தது அந்த ஓரத்தைத்தான். தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் ஒரே இரவில் பல முறை விழிப்பு வரும், குறட்டையும் வரும், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்றார். ஒரு இரவு தங்கிச் செய்யும் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.

அதுவரை காலை வழக்கு தொடரும். ஆனால் "சும்மா சொல்லாத பாட்டி" என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது கண்ணே மூடவில்லை என்று சொன்னால், சிரிக்காமல் ஒரு நிமிடம் கேளுங்கள்.