அப்பாவின் குத்தகையும் ஆகாயக் குத்தகையும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போகச் சென்னையில் விமானம் ஏறினேன். வாசலில் வரிசை நகராமல் நின்றபோது, கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு கண்ணில் பட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். விமானத்தின் சொந்தக்காரர் என்று ஓர் அயர்லாந்து நிறுவனத்தின் பெயர் இருந்தது. வெளியே பெரிய எழுத்தில் இருந்த பெயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் கேட்டேன். "சார், எங்ககிட்ட இருக்கறதுல முக்கால்வாசி குத்தகை விமானம்தான்" என்றான்.

குத்தகை எனக்குப் புதிய சொல் அல்ல. என் அப்பா தஞ்சை மாவட்டத்துக் குத்தகை விவசாயி. அதனால் இந்த ஆகாயக் குத்தகை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன்.

1973-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ஸ்டீவன் உட்வர்-ஹேஸி என்ற இளைஞர், கோண்டா என்ற தந்தை மகனோடு கூட்டுச் சேர்ந்தார். பழைய டிசி-8 விமானம் ஒன்றை வாங்கி மெக்சிகோ நாட்டு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஐ.எல்.எஃப்.சி. என்ற பெரிய நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது.

அதே காலத்தில் அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் நிறுவனத்துக்கு வேறு கவலை. ஆசையாக வாங்கிய ஜம்போ விமானங்களுக்குப் போதுமான பயணிகள் இல்லை. சும்மா நிறுத்தினாலும் செலவு. எனவே ஒன்றைத் தாய்லாந்தின் ஏர் சயாம் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வேலையைக் கவனித்தவர் டோனி ரயன், ரயில் ஓட்டுநரின் மகன். ஓரிடத்தில் சும்மா நிற்கும் விமானம் இன்னோரிடத்தில் தேவைப்படுகிறது என்பதை அவர் பிடித்துக்கொண்டார். 1975-இல் ஷானன் நகரில் கின்னஸ் பீட் ஏவியேஷன் பிறந்தது.

ஷானனுக்கும் ஒரு கதை உண்டு. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்கள் ஒரு காலத்தில் அங்கே இறங்கித்தான் எரிபொருள் நிரப்பின. ஜெட் விமானங்கள் வந்ததும் நிற்காமல் பறக்கத் தொடங்கின. ஊர் பிழைக்க வழி தேடி 1959-இல் அங்கே வரிச்சலுகை மண்டலம் அமைத்தார்கள். விமானம் இறங்காமல் போன ஊர், விமானத்துக்குச் சொந்தக்காரர்களின் ஊராயிற்று.

இனி குத்தகை முறை. விமானத்தை மட்டும் வாங்கி, விமானி, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் நாமே பார்த்துக்கொண்டால் அது 'டிரை லீஸ்'. விமானி, பணியாளர், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்ந்தே வந்தால் 'வெட் லீஸ்'. கல்யாணத்துக்கு டிரைவரோடு வேன் பிடிப்பது போல. மூன்றாவது ஒரு வழியும் உண்டு. விமான நிறுவனம் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்துத் தள்ளுபடி விலையில் வாங்கும். விமானம் கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டும். 2005-இல் நூறு ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்த நம் இண்டிகோ இந்த வழியில்தான் வளர்ந்தது.

மாத வாடகை, முன்பணம், பராமரிப்புக்கென்று தனித்தொகை எல்லாம் உண்டு. திருப்பித் தரும்போது விமானத்தோடு அதன் பதிவேடுகளும் வர வேண்டும். எந்த உதிரிபாகம் எங்கே பிறந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காகிதம் இல்லாவிட்டால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். டி.சி. இல்லாமல் வரும் மாணவனைத் தலைமை ஆசிரியர் சேர்க்கமாட்டார் அல்லவா? அதே கதைதான்.

சொந்தக்காரருக்கும் சிரமம் உண்டு. ரயன் ஏராளமான புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த நேரத்தில் வளைகுடாப் போர் வந்து பயணிகள் குறைந்தார்கள். 1992-இல் பங்கு வெளியீடு தோற்றது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கை கொடுத்து, பெரும்பகுதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய பயம், வாடகை நின்றுபோனால் விமானத்தை எப்படி மீட்பது என்பது. அதற்காகவே 2001-இல் கேப்டவுன் உடன்படிக்கை வந்தது. 2008-இல் இந்தியாவும் சேர்ந்தது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் அதற்கு ஏற்ப மாறவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டதும், எதையும் யாரும் எடுக்கக்கூடாது என்று தடை வந்தது. சொந்தக்காரர்கள் தங்கள் விமானத்தை எட்ட நின்று பார்க்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 54 விமானங்களின் பதிவு நீக்கப்பட்டது. 2025-இல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது.

இதைப் படித்தபோது என் மனம் ஒரு நிலையில் இல்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் நிலத்தை விட்டு இறங்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. அப்பா குத்தகை நெல்லைப் பாக்கி வைக்காதவர். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் நின்றது. எங்களை இறக்க முடியவில்லை. அந்த நெல்லில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். குத்தகை என்றாலே எடுத்தவன் பக்கம் நிற்பது என் ரத்தத்தில் ஊறியது.

ஆனால் நிலம் எங்கும் ஓடிப்போகாது. விமானம் ஒரே இரவில் எல்லை தாண்டிவிடும். 2022-இல் ரஷ்யாவில் 400-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் குத்தகை விமானங்கள் திரும்பாமல் சிக்கிக்கொண்டன. மீட்க முடியாது என்று தெரிந்தால் யாரும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பயத்தின் விலை கடைசியில் நம் டிக்கெட்டில்தான் ஏறும். இது புரிகிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சொந்தக்காரருக்கு விமானம் திரும்பக் கிடைத்தது. கோ ஃபர்ஸ்ட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. 1955-இல் உழுதவனை நினைத்துச் சட்டம் எழுதியவர்கள் போல, இங்கும் யாராவது அவர்களை நினைக்க வேண்டும்.

விமானத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். உங்கள் பரீட்சைத் தாளில் நான் சிவப்பு மை போட்டதற்கு இது பதில் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை விமானம் ஏறும்போது கதவோரம் பாருங்கள். தகடு இருந்தால் யார் பெயர் என்று எனக்கும் எழுதுங்கள்.