புலம் கூறும் குல வரலாறு

வேந்தர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். கொடையாளர்தம் பெயர்களைச் செப்பேடுகள் கூறும். புலவர்தம் பெருமையை ஏடுகள் கூறும். ஏரும் எருதுமாய் வாழ்ந்து, விளைந்ததில் ஒரு பங்கை வரியாகச் செலுத்தி, எஞ்சியதை உண்டு மறைந்த உழவர்தம் வரலாற்றை எது கூறும்? கூறுவது ஒன்று உண்டு, அது வரிக்கணக்கு. அரசுக்கு உழவனுடைய புகழில் நாட்டமில்லை; அவன் செலுத்தவேண்டிய தீர்வையில் நாட்டமுண்டு. அந்த நாட்டமே அவன் பெயரை எழுதி வைத்தது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து, இவ்வடபுலத்துக் குடியிருப்புகளில் வாழும் நம்மிற் பலர் உழவுத்தொழிற் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே. "எந்த ஊர்?" என்று கேட்டால் ஊர்ப்பெயரைத் தயக்கமின்றிச் சொல்கிறோம். பாட்டனார் பெயரையும் சொல்கிறோம். அதற்கு முன்னைய தலைமுறையைக் கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. நம் மக்களோ பாட்டனார் ஊரைக் கோடை விடுமுறையில் மட்டும் கண்டவர்கள். ஆகலின் இவ்வாராய்ச்சி நமக்குப் பொழுதுபோக்கன்று, கடமையாகும்.

நம் அண்டை வீட்டுப் பஞ்சாபிய நண்பர்களுக்கு இத்துறையில் நம்மைவிட ஒரு வசதி உண்டு. அரித்துவாரத்திலுள்ள பண்டாக்கள், தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் குலமுறையை ஊர்வாரியாக நீண்ட கணக்கேடுகளில் எழுதிவைத்து வருகின்றனர். ஒரு குடும்பத்தார் தம் ஊரையும் குலத்தையும் சொன்னால், பல தலைமுறைப் பெயர்களைப் பண்டா படித்துக் காட்டுவார். அன்றியும், பஞ்சாபில் ஊர்தோறும் ஆயத்தம் செய்யப்பட்ட நிலவரிப் பதிவேடுகளிலேயே நிலவுடையோரின் வமிசப் பட்டியல் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழகத்து வரிக்கணக்கில் அத்தகைய பட்டியல் இல்லை.

காரணம் யாது? பஞ்சாபில் ஆங்கிலேயர் அரசு ஊரையே ஒரு கூட்டுடைமையாகக் கருதி வரி விதித்தது. ஊர் நிலத்தில் ஒருவனுக்கு உரிய பங்கு, அவன் யார் வழிவந்தவன் என்பதைப் பொறுத்திருந்தது. எனவே குலமுறையை எழுதவேண்டுவதாயிற்று. சென்னை இராசதானியில் வேரூன்றியதோ இரயத்துவாரி முறை. 1792ஆம் ஆண்டில் கும்பினியார் கைக்கு வந்த பாரமகால் சீமையில் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இதனை உருவாக்கினர். மன்றோ 1820இல் சென்னைக் கவர்னரான பின்னர் இம்முறை பெரும்பகுதியில் பரவியது. இதன்படி ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு தீர்வை. அதைச் செலுத்த ஒரு பட்டாதாரர். அவர் யாருடைய பேரன் என்பது அரசுக்கு வேண்டாத செய்தி. எந்தப் புலத்துக்கு உரியவர் என்பதே வேண்டிய செய்தி.

இவ்வொரு வேற்றுமையை உணர்ந்தால் நாம் செல்லவேண்டிய வழி புலனாகும். தமிழகத்து உழவர் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவோர் பெயரைப் பின்தொடர்ந்து செல்லலாகாது. புலத்தைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும். பெயரோ மயக்கம் தருவது. பாட்டன் பெயரைப் பேரன் தாங்குவது நம் மரபு. ஒரே ஊரில் ஒரே பெயருடையார் ஐவர் இருப்பர். குடும்பப் பெயர் என ஒன்றும் இல்லை. புலமோ நின்ற இடத்தில் நிற்பது.

முதற்கண், குடும்பத்தின் நிலத்துக்கு இன்றுள்ள சிட்டாவைப் பெறுதல் வேண்டும். பட்டாதாரர் பெயரும் அவர்தம் தந்தை பெயரும் அவருக்குரிய புல எண்களும் அதில் இருக்கும். இன்று இதனைக் கணினி வழியே இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆயின் இவ்வெண்கள் பழையன அல்ல. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டாக்கள் திருத்தியமைக்கப்பட்டன. புலங்கள் மேலும் உட்பிரிவு செய்யப்பட்டன. ஆகவே இன்றைய எண்ணுக்கு முன்னைய எண் எது என்பதை அறிந்துகொண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்லும்போது நாம் அடையும் பெரும் படி நிலவரித் திட்டப் பதிவேடாகும். 1858ஆம் ஆண்டில் சென்னை இராசதானி முழுவதையும் அளந்து தரம் பிரிக்கும் பணி திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு புலத்துக்கும் எண் இட்டு, அது நன்செய்யா புன்செய்யா, பாசனம் ஏரியாலா வாய்க்காலாலா, மண்ணின் தரம் யாது, பரப்பு எவ்வளவு, தீர்வை எத்தனை ரூபாய், பட்டாதாரர் யார் என்பனவற்றை ஒரே வரிசையில் எழுதினர். பல ஊர்களுக்குரிய இப்பதிவேடுகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நம் பூட்டனார் பெயரை முதன்முதலாக எழுத்தில் காணும் இடம் பெரும்பாலும் இதுவே.

இக்கணக்குகளைப் படிப்போர் காலக் குறிப்பில் கருத்துடன் இருத்தல் வேண்டும். வருவாய்த்துறையார் எழுதும் ஆண்டு பசலி ஆண்டு. அது ஜூலைத் திங்களில் தொடங்குவது. அதனோடு 590 கூட்டினால், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை என்று அறிக. வீட்டிலுள்ள ஓலைகளிலோ தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். இப்பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. 'தாது வருஷம்' என்றால், பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஆகவும் இருக்கலாம். அதற்கு முந்திய 1816ஆகவும் இருக்கலாம். அளவைகளிலும் இவ்வாறே கருத்து வேண்டும். தஞ்சைப் பகுதியில் 20 மா கொண்டது ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கெழுத்திலோ 'மா' என்பது இருபதில் ஒன்றையும், 'காணி' என்பது எண்பதில் ஒன்றையும் குறிக்கும் பின்னங்கள். பழைய எண் குறிகளை அறியாதார் கால் வேலியை முக்கால் வேலியாகப் படித்துவிடக் கூடும்.

வரிக்கணக்கு எலும்புக்கூடு போன்றது எனில், அதற்குத் தசையும் குருதியும் தருவன பத்திரங்கள். 1865 முதல் பதிவு அலுவலகங்கள் இயங்கி வருகின்றன. விற்கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலிய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவரின் பெயர், தந்தை பெயர், ஊர், நிலம் அவருக்கு வந்த வகை ஆகியன கூறப்படும். பிதுரார்ஜிதமா சுயார்ஜிதமா என்ற ஒரு சொல்லே ஒரு தலைமுறை வரலாற்றைத் திறந்து காட்டும். கடன் பட்ட காரணமும் அங்கே இருக்கும்: மகளின் திருமணம், உழவுமாடு வாங்குதல், முன்னைய கடனின் வட்டி.

பத்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி நான்கெல்லை. நிலத்துக்குக் கிழக்கில் யாருடைய நிலம், மேற்கில் யாருடையது என்று எழுதுவர். தந்தையின் நிலத்தை உடன்பிறந்தார் பங்கிட்டுக் கொண்டால், அண்ணன் புலத்துக்குத் தம்பி புலமே எல்லையாகும். ஆகவே எல்லையில் வரும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், வீட்டில் எவரும் சொல்லாத ஒரு சிறிய பாட்டனார் வெளிப்படுதல் கூடும். பஞ்சாபில் அரசு எழுதிவைத்த வமிசப் பட்டியலைத் தமிழகத்தில் நாமே இவ்வாறு எல்லைகளிலிருந்து கட்டி எழுப்பவேண்டியிருக்கிறது.

நிற்க. இதுகாறும் கூறியன நிலம் உடையார்க்குப் பொருந்தும். நிலம் இல்லார் செய்வது என்ன? நம் சங்கத்தில் பட்டாதாரர் மரபில் வந்தோரும் உளர். அப்பட்டாதாரர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தோர் மரபில் வந்தோரும் உளர். இருவரும் உழவுக் குடும்பத்தாரே. ஆயினும் வரிக்கணக்கு ஒருவரை மட்டுமே அறியும். தீர்வை செலுத்தியவன் பெயர் எழுதப்பட்டது. சேற்றில் இறங்கியவன் பெயர் எழுதப்படவில்லை. பெண்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கணவன் இறந்து மகன் சிறுவனாயிருக்கும்போது, மைனருக்குக் கார்டியன் என்ற முறையில் தாயின் பெயர் ஒருகால் தலைகாட்டும். மகன் வளர்ந்ததும் மறைந்துவிடும்.

இவர்தம் சுவடுகளை வேறு இடங்களில் தேடவேண்டும். செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையான தமிழ் ஓலைக் கணக்குகளில், ஊரிலிருந்த வீடுகள் தொழில்வாரியாகவும் குலவாரியாகவும் எண்ணப்பட்டுள்ளன; விளைச்சலில் ஊர்ப் பணியாளர்க்கு அளந்த பங்கும் குறிக்கப்பட்டுள்ளது. அச்சீமையிலேயே கலெக்டராயிருந்த திரமென்கீர், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் துயரை 1891இல் அரசுக்கு எழுதினார். அதன் விளைவாக 1892இல் அவர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று வழங்கும் அந்நிலத்தின் பதிவுகளில், தலைமுறை தலைமுறையாக எழுதப்படாத பெயர்கள் பட்டாதாரர் பெயர்களாக இடம்பெற்றன.

கடல் கடந்தும் சுவடுகள் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாகக் கொண்டு சேர்த்தது. 1911 வரை அங்குச் சென்றோர் 1,52,184 பேர். அக்கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் அனைத்தும் எழுதப்பட்டுள்ளன. பெண்களுக்கும் தனித்தனி எண் இட்டு எழுதியுள்ளனர். சொந்த ஊரின் கணக்கில் பெயரில்லாத ஒரு தாய், கரும்புத் தோட்டத்துக்குச் செல்லும் கப்பலில் ஏறியபோதுதான் பெயருடையவள் ஆனாள். இதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

விடுதலைக்குப் பின்னர் நிலை சிறிது சிறிதாக மாறியது. தஞ்சை மாவட்டப் பண்ணையாட்களுக்கும் குத்தகையாளர்க்கும் 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழி வகுத்தது. 1971இல் வந்த சட்டம், குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கே உரிமையாக்கியது. எனவே, தம் முன்னோர்க்கு நிலமில்லை என்று சொல்வோரும் ஆவணமே இல்லை என்று கைவிட வேண்டா. குத்தகைப் பதிவேட்டையும் மனைப்பட்டாவையும் தேடுக.

அரசு எழுதாத கணக்குகளை ஊரும் உறவும் எழுதி வைத்துள்ளன. குலதெய்வக் கோயில் விழாவுக்குத் தண்டிய தலைக்கட்டு வரிப் பட்டியலில் ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும் இருக்கும். திருமணத்தில் எழுதிய மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் இருக்கும். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், தாய்மாமன் ஊர் ஆகியவற்றை வரிக்கணக்கு சொல்லாது. மொய் நோட்டு சொல்லும். தந்தைவழியை மட்டும் காட்டும் பட்டாவுக்கு, தாய்வழியைக் காட்டும் இந்நோட்டுத் துணையாகும். பழந்தாள் என்று இவற்றை எடைக்குப் போடுவோர் தம் பாட்டிமாரின் பிறந்த ஊர்களையே எடைக்குப் போடுகின்றனர்.

ஏட்டுக்கு உயிர் தருவது முதியோர் நினைவு. முன்னாளில் எந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதைக் கணக்குப்பிள்ளை வாய்ப்பாடம்போல் சொல்வார். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிருவாக அலுவலர் வந்தனர். புலத்துக்கு எண் மட்டுமன்று, பெயரும் உண்டு என்பதை அறிந்த முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர். எண் காப்பகத்தில் இருக்கும். 'மேட்டுச் செய்', 'புளியமரத்துக் கொல்லை' என்னும் பெயர்கள் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. பழைய பத்திரத்தில் அப்பெயர் வரும்போது அது எந்த இடம் என்று கைநீட்டிக் காட்ட அவர்களே வேண்டும்.

ஆதலின், அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஒரு குறிப்பேட்டுடன் செல்க. வீட்டிலுள்ள பத்திரங்களையும் மொய் நோட்டுகளையும் படம் எடுத்துக் கொள்க. முதியோரை வயலுக்கு அழைத்துச் சென்று புலப்பெயர்களை எழுதிக் கொள்க. ஒவ்வொரு புலத்துக்கும் உடையவர் யார் என்று கேட்பதோடு நில்லாது, உழுதவர் யார், நட்டவர் யார் என்றும் கேட்டு எழுதுக. உடையவர் மரபினரும் உழுதவர் மரபினரும் இன்று ஒரே குடியிருப்பில், ஒரே சங்கத்தில், ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறோம். நம் இரு சாராரின் வரலாறும் ஒரே புல எண்ணின்கீழ் அடங்கியிருப்பது. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால், பழைய வரிக்கணக்கு செய்த குறையையே நாமும் செய்தவராவோம். இரண்டையும் சேர்த்து எழுதி நம் மக்கள் கையில் கொடுப்போமாக.